சின்னக்கா பூட்டிய பின் அச்சு

அந்தக் காரின் பின் அச்சு கராஜின் நடுவில், இரண்டு மரக்கட்டைகளின் மேல், கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தது. நடுவில் பானை வயிறு. அதன் மூடியைக் கழற்றிவிட்டு, கைவிளக்கும் கையுமாக உள்ளே எட்டிப் பார்த்தபடி என் சின்னக்கா முழங்காலில் இருந்தாள். தொண்ணூறுகளின் தொடக்கம். ஹவுன்ஸ்லோ கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னக் கராஜ். தேநீர் கொண்டுபோன என்னை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வைச்சிட்டுப் போ, பிறகு குடிக்கிறன்" என்றாள். ஆறிப்போன தேநீர் குடிப்பதற்குப் பட்டம் ஏதும் இருந்தால் அதை அவளுக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

அந்தக் கராஜில் போன் எடுக்கும் வேலைக்கு முதலில் போனவள் அவள்தான். போன் எடுத்துக்கொண்டே மாலைக் கல்லூரியில் கார் திருத்தும் படிப்பைப் படித்து முடித்தாள். முதலாளி, அதிகம் பேசாத ஒரு வெள்ளைக்காரர், மெல்ல மெல்ல அவளுக்குப் பிரேக் மாற்றுவது, எண்ணெய் மாற்றுவது என்று வேலை கொடுக்கத் தொடங்கினார். அவள் விட்ட நாற்காலியில் நான் போய் உட்கார்ந்தேன். அத்தானுக்கு, அதாவது அவளுடைய கணவருக்கு, இது பிடிக்கவில்லை. மனிதர் கெட்டவரல்ல. விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கி முதுகு ஒடிந்தவர். சண்டை பிடிக்கவும் தெரியாது. சனம் என்ன சொல்லும் என்ற பயம் மட்டும் நிறைய. விம்பிள்டன் கோயிலில் யாராவது விசாரித்தால், "கராஜ் ஒண்டிலை ஒபீஸ் வேலை" என்று முந்திக்கொள்ளுவார். சின்னக்கா பக்கத்தில் நின்று, கிரீஸ் போகாத விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொள்ளுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படியிருக்கும்போதுதான் அந்தக் கார் வந்தது. அறுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில் செய்தது. நீண்ட மூக்கு, இரண்டே கதவு, எட்டு சிலிண்டர். மசில் கார் என்பார்கள். ஸ்டார்ட் பண்ணினால் என் மேசையில் பேனா உருளும். ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர் அதைக் கப்பலில் இறக்குவித்துப் பிள்ளைபோல வைத்திருந்தார். வேகமெடுத்து, பிறகு பெடலிலிருந்து காலை எடுத்தால், பின்னாலிருந்து ஓர் ஊளைச் சத்தம் கிளம்பும். இரண்டு கராஜ்கள் பார்த்துக் கைவிட்டுவிட்டன. எங்கள் கராஜின் மற்ற இரண்டு மெக்கானிக்குகளும் அதைச் சுற்றி வந்து தலையை ஆட்டினார்கள். சின்னக்கா, "நான் செய்யிறன்" என்று சொல்லிவிட்டாள். முதலாளி ஒரு நிபந்தனை வைத்தார். சத்தம் நின்றால் நீ நிரந்தர மெக்கானிக், நிற்காவிட்டால் திரும்பவும் போனுக்குப் போக வேண்டும் என்றார். சனிக்கிழமை காலை காரின் சொந்தக்காரர் வருவதாக ஏற்பாடு. அவள் தோற்றால் என் நாற்காலி அவளுக்குப் போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் சத்தியமாக, அந்தக் கிழமை முழுக்க என்னைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

அந்தப் பானை வயிற்றுக்குள் இருப்பது ஒரு பெரிய பல்சக்கரமும் ஒரு சின்னப் பல்சக்கரமும். இரண்டும் ஒன்றையொன்று எந்த ஆழத்தில் கடிக்கின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சின்னச் சக்கரத்தின் பின்னால் ஒரு மெல்லிய தகட்டு வளையம் போட வேண்டும். அது தலைமயிரளவு தடித்தாலும் ஊளை, மெலிந்தாலும் ஊளை. முன்பு பார்த்தவர்கள் புதுச் சக்கரம் போட்டுவிட்டுப் பழைய வளையத்தையே வைத்திருந்தார்கள் என்று கண்டுபிடித்தாள். பற்களில் மஞ்சள் பசை பூசிச் சுழற்றுவாள். பசை எங்கே அழிகிறதோ அங்கேதான் பல் படுகிறது. அந்த அடையாளத்தின் மேல் ஒட்டுநாடாவை அழுத்தி உரித்தெடுத்து, என் அலுவலக யன்னல் கண்ணாடியில் வரிசையாக ஒட்டிவைப்பாள். வெளிச்சத்தில் பார்த்தால், ஒவ்வொன்றிலும் அழிந்த இடம் பல்லின் அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வருவது எனக்கே தெரிந்தது. ஒவ்வொரு முறையும் முழுவதையும் கழற்றி, அழுத்திப் பூட்டிய பேரிங்கை இழுத்தெடுத்து, வேறு வளையம் போட்டு, திரும்பப் பூட்ட வேண்டும். பார்த்த எனக்கே கை உளைந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒட்டிய நாடாவில் அழிந்த இடம் சரியாகப் பல்லின் நடுவில் இருந்தது. "இஞ்சை பார்" என்றாள். அவ்வளவுதான். மூடியைப் பூட்டி, எண்ணெய் விட்டு, மற்றவர்கள் கைகொடுக்க அச்சைக் காருக்கு அடியில் ஏற்றினாள். வண்டியை உயர்த்திச் சில்லுகளைச் சுழலவிட்டுப் பார்க்கலாம் என்றால், எங்கள் தலைக்கு மேலே விமானங்கள் ஓய்வதில்லை. ஒரு விமானம் போய் அடுத்தது வருவதற்குள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அவள் கேட்டாள். ஊளை இல்லை என்று நினைக்கிறேன் என்றாள். பாரம் இழுத்து ரோட்டில் ஓடினால்தான் நிச்சயம்.

சனிக்கிழமை காலை நான் கதவு திறக்கும்போது, அத்தான் இரவு ஷிப்ட் முடிந்து, யூனிபோர்மோடும் சாப்பாட்டுப் பையோடும் வாசலில் நின்றார். அந்தப் பக்கம் அவர் வந்ததே கிடையாது. "சும்மா பாத்திட்டுப் போவமெண்டு" என்றார். சின்னக்கா கை கழுவப் போயிருந்த நேரம், அவர் காரைச் சுற்றி வந்து, பின்பக்கம் குனிந்து என்னவோ பார்த்தார். மனிதருக்கும் கார் ஆசை பிடித்துவிட்டது என்று நான் உள்ளுக்குள் சிரித்தேன்.

சொந்தக்காரரும் முதலாளியும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். சின்னக்கா காரை வெளியே எடுத்து நிறுத்தினாள். உள்ளே அது முன்பு நின்ற இடத்தில், பின்சில்லுகள் இருந்த இடத்திலே மட்டும், சீமெந்துத் தரையில் இரண்டு ஈரத் திட்டுகள் பளபளத்தன. முதலாளியின் முகம் மாறியது. "அச்சு நுனியால் எண்ணெய் கசிகிறது. இரண்டு பக்கமும்" என்றார். சொந்தக்காரர் தொப்பியைக் கழற்றினார். சின்னக்கா நடந்து வந்து, குந்தியிருந்து, ஈரத்தை ஒரு விரலால் தொட்டாள். மணந்தாள். பிறகு எல்லோரும் பார்த்திருக்க விரலை நாக்கில் வைத்தாள். முதலாளி கையை நீட்டித் தடுக்கப் போனார்.

அவள் திரும்பி வாசலில் நின்ற அத்தானைப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, தேசிக்காய் வைச்சனீங்களோ?"

புதுக் காரைக் கோயிலுக்குக் கொண்டுபோனால் ஐயர் சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய், அதாவது எலுமிச்சம்பழம், வைப்பார். காரை எடுக்கும்போது அவை நசிய வேண்டும். கண்ணூறு கழியும். அத்தான் ஐயர் இல்லாமலே அதைச் செய்து முடித்திருந்தார். நசிந்த தோல் அந்த அகலமான ரயரில் ஒட்டிக்கொண்டு வெளியே போய்விட்டது. சாறு மட்டும் தரையில் நின்று அவளை மாட்டிவிடப் பார்த்தது.

ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அத்தான் முன்னால் வந்தார். குனிந்து ரயரிலிருந்து பச்சைத் தோலை உரித்தெடுத்து, முதலாளியின் முகத்துக்கு நேரே பிடித்தார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தட்டித் தடவி, ஆனால் உரத்துச் சொன்னார்: "இது நான் வைத்தது. இவள் என் மனைவி. இந்தக் கார் இவள் செய்த கார். இதற்கு ஒன்றும் வரக்கூடாது." சின்னக்கா அழுதுவிடுவாள் போலிருந்தது. நான் அழுதேவிட்டேன்.

முதலாளி தோலை வாங்கி மணந்து பார்த்தார். பிறகு சொந்தக்காரரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். விமானச் சத்தம் இல்லாத ரோட்டுக்குப் போனார்கள். நாங்கள் மூவரும் வாசலில் காத்து நின்றோம். "கசியாதுதானே?" என்று அத்தான் ஒருமுறை கேட்டார். "கசியாது" என்றாள்.

திரும்பி வந்ததும் முதலாளி மட்டும் இறங்கினார். சொந்தக்காரர் இறங்கவே இல்லை. காரைத் திருப்பி, தனியே இன்னொரு சுற்றுக்குக் கிளம்பினார். வாசல் திரும்பும்போது கண்ணாடியை இறக்கி, வெளியே நீட்டிய கையை அசைத்துக்கொண்டே போனார். முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அலுவலகத்தில் போன் அடித்தது. பழைய பழக்கத்தில் சின்னக்கா ஓரடி எடுத்து வைத்தாள். அவர் கையை நீட்டி அவளை மறித்து, என்னைப் பார்த்து, நீ போய் எடு என்று தலையை ஆட்டினார்.

ஓடிப்போய் எடுத்தேன். யாரோ ஒரு பெண் குரல், மெக்கானிக்கோடு பேச வேண்டும் என்றது. உள்ளே மற்ற இரண்டு மெக்கானிக்குகள், ஆம்பிளைகள், ஸ்பானரோடு நின்றார்கள். நான் யன்னலைத் திறந்து, அத்தானுக்கும் நன்றாகக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தி, சின்னக்காவைக் கூப்பிட்டேன்.