பெரியப்பாவின் காலுக்குப் போட்ட திரை

எழுபதுகளின் நடுவில் காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலையில் இருந்தேன். என் படிப்புக்கு வீட்டில் மதிப்பு வந்தது, பெரியப்பாவின் இடது கால் வீங்கிய பிறகுதான்.

பெரியப்பா பட்டுக்கடைக்காரர். மெத்தையில் சம்மணம் போட்டால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுவார். புடவை லட்சுமி, அதன் பக்கம் காலை நீட்டக்கூடாது. முதலாளி பெருத்திருந்தால்தான் சரக்கு நன்றாக இருக்கும் என்று வாடிக்கையாளர்கள் நம்பியதால் இளைக்கவும் கூடாது. இரண்டு காலுமே பருமன் என்பதால், ஒன்று கூடுதலாக வீங்கியது நாடா வைத்து அளந்த பிறகே தெரிந்தது.

வீட்டுக்கு வந்த டாக்டர் சொன்னதை மனதில் வரிசைப்படுத்திக்கொண்டேன். தொந்தியின் அழுத்தத்தால் காலிலிருந்து ரத்தம் மேலேறத் தாமதம். மடக்கி உட்கார்ந்ததில் இன்னும் தேக்கம். ரத்தக் குழாயில் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஊசி, அசையாமல் படுக்கை, காலை உயர்த்தி வைப்பது.

ஊசிக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

"காலை எந்தப் பக்கம்மா நீட்றது? கெழக்கால வரதர் இருக்கிறாரு" என்றார் பெரியப்பா.

"அப்போ மேற்கே."

"கைலாசநாதருக்குக் காலைக் காட்டச் சொல்றியா?" என்றாள் பெரியம்மா. "வடக்கால காமாட்சி. தெற்கால நீட்டினா தலை வடக்கால வரும். பொணமாடி அவரு?"

"தினமும் எப்படித் தூங்கினாரு?"

"அது தரையோட கெடந்த காலும்மா. இது தூக்கிக் காட்டிக்கினு இருக்கிற காலு" என்றார் பெரியப்பா.

இதற்குள் கடையாட்கள் அவரோடு சேர்த்துக் கட்டிலைத் திசை திசையாகத் திருப்பத் தொடங்கியிருந்தார்கள். கட்டி நகர்ந்துவிடுமோ என்று பயந்து ஓடிப்போய்க் கட்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

"நிறுத்துங்க! கோயில்ல அலங்காரத்தப்போ திரை போடுவாங்க இல்ல? அந்த மாதிரி இங்கயும் போட்டுடலாம்."

பெரியம்மா யோசித்தாள். "திரை போட்டா சாமி கண்ணுல படாதுதான்."

சாயம் பிசகிய பட்டுப்புடவை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். கால் மேலே போனது. நலம் விசாரிக்க வந்தவர்கள் திரையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்கள். ஒருவர் தேங்காய் பழத்தட்டை வைத்துவிட்டு, "எப்பம்மா தெறப்பாங்க?" என்று கேட்டார். உள்ளே நான் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

வீக்கம் வடிந்தது. கடைக்குத் திரும்பியவர் காலை மடக்கி உட்காருவதை டாக்டர் சொன்னபடி விட்டுவிட்டார். அதே திரையைக் கட்டி, அதற்குப் பின்னால் காலை நீட்டிக்கொண்டார்.

கல்யாணப் புடவை எடுக்க வந்த அம்மாள் ஒருத்தி, காட்டிய எதையும் தொடவில்லை.

"அதுக்குப் பின்னால ஒளிச்சி வச்சிக்கினு இருக்கியே, நல்ல பொடவை, அதை எடுப்பா."

"அது விக்கிறதுக்கு இல்லம்மா" என்றார் பெரியப்பா.