கடைசி வரிக்கு முந்தைய மூச்சு

நீங்கள் என் மாமாவின் பெயரைத் திருடினீர்கள். கிடார் வாசித்தவரே, உங்களைத்தான் சொல்கிறேன். அந்தத் திருட்டுக்கு ஒன்பது வயதுப் பெண்ணின் விரலைப் பயன்படுத்தினீர்கள். அந்த விரல் என்னுடையது.

மாமா என் அம்மாவின் தம்பி. அடையாற்றங்கரையில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். வீடுகளுக்கு வெள்ளையடிப்பது தொழில். சாவு வீடுகளில் கானா பாடுவார். எந்தப் பாட்டையும் கடைசி வரியில் தன் பெயரையும் தெருவையும் சொல்லித்தான் முடிப்பார். மயிலாப்பூர் சபாக்களில் பாடும் கீர்த்தனைகளிலும் எழுதியவரின் பெயர் முத்திரையாக இருக்கிறது. அதை யாரும் வெட்டுவதில்லை.

அபிராமபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் உங்கள் நால்வர் பேண்டின் ஸ்டுடியோ இருந்தது. கானாவையும் ராக்கையும் கலந்து முதல் ஆல்பம் போட்டுக்கொண்டிருந்தீர்கள். மாமாவைப் பாட வரச் சொன்னீர்கள். மாமா கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு, டோலக்கோடு என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஏசி குளிரில் எனக்குப் பல் கிடுகிடுத்தது.

மாமா முழுப் பாட்டையும் ஒருமுறை பாடிக் காட்டினார். நீங்கள் தலையைச் சொறிந்தீர்கள்.

"சூப்பர் அண்ணே. அந்தக் கடைசி லைன் மட்டும் வேணாம். வெளியூர்ல யாருக்கும் புரியாது."

"பேர் வெக்காம எறக்குனா பாட்டு அநாதை சார். அது கீதுன்னா நானும் கீறேன். இல்லாங்காட்டி டோலக்கைத் தூக்கிக்கினு போயினே இருப்பேன்."

"ஐயோ, கோச்சுக்காதீங்க அண்ணே. உங்க இஷ்டம்போலவே பாடுங்க."

மாமா கண்ணாடி அறைக்குள் போனார். நீங்கள் என்னை உங்கள் நாற்காலியில் உட்கார வைத்து, என் தலைக்குப் பெரிதாக இருந்த ஹெட்போனை மாட்டிவிட்டீர்கள்.

"பாப்பா, இன்னிக்கு நீதான் இன்ஜினியர். நான் கை தூக்கினதும் இந்த நீளமான பட்டனை அமுக்கணும். செய்வியா?"

செய்வேன் என்றேன். பள்ளியில் என்னைக் கரும்பலகை துடைக்கக்கூட விட்டதில்லை.

மாமா கண்ணை மூடிக்கொண்டு பாடினார். கடைசி வரிக்கு மூச்சு இழுத்தார். உங்கள் கை எழுந்தது. அமுக்கினேன். காதில் சத்தம் நின்றுவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமாவின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. சிரித்தேன்.

வெளியே வந்த மாமா என்னிடம்தான் கேட்டார். "எல்லாம் வந்துச்சாம்மே?"

"ஃபுல்லா வந்துச்சு மாமா. நான்தான் அமுக்கினேன்."

"பாத்தியா சார், எங்கக்கா பொண்ணு!" திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டரிடம்கூட என்னை இன்ஜினியர் என்றார்.

அந்தப் பாட்டுதான் உங்களைத் தூக்கியது. கல்லூரி விழாக்கள், சிங்கப்பூர், லண்டன் என்று போனீர்கள். ஆல்பம் உறையில் 'மரபுப் பாடல்' என்று போட்டீர்கள். பாட்டு ஒரு மூச்சோடு சட்டென்று நிற்பதைத் துணிச்சலான முடிவு என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். பின்னால் வந்த பேண்டுகளும் பாட்டை அப்படியே வெட்டி நிறுத்தின. அப்புறம் நீங்கள் நால்வரும் பிரிந்தீர்கள். பிரிந்த பிறகு இன்னும் பெரிய ஆள் ஆனீர்கள்.

ஆற்றங்கரை வீடுகளை இடித்து எங்களை ஊருக்கு வெளியே அனுப்பினார்கள். கடைசி வரியில் மாமா சொன்ன அந்தத் தெருவே இப்போது இல்லை. அவர் அசோக் நகரில் ஒரு அடுக்குமாடியின் காவலாளி. கார்களில் அந்தப் பாட்டு வரும்போதெல்லாம், "மிஷின்ல இன்னாவோ கோளாறு. பாவம், அந்தப் பசங்க இன்னா பண்ணும்?" என்பார்.

கோளாறு இல்லை, நான் அமுக்கிய பட்டன்தான் பதிவை நிறுத்தியது என்று நேற்று அவரிடம் சொன்னேன். கேட்டைத் திறந்து ஒரு காரை உள்ளே விட்டார்.

"வுடு. உனுக்கு அப்போ ஒம்போது வயசு," என்றார்.

உங்களுக்கு முப்பது. கை எதற்காக எழுந்தது என்று எனக்குத்தான் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

அடுத்த மாதம் மயிலாப்பூரில் நால்வரும் மறுபடி மேடை ஏறுகிறீர்களாம். அந்தப் பாட்டை வழக்கம்போல மூச்சோடு நிறுத்துங்கள். பிறகு அத்தனை பேர் முன்னால் மைக்கைப் பிடித்துப் பதில் சொல்லுங்கள்: அந்த மூச்சு யாருடையது? அதற்கு அடுத்த வரி என்ன?