அக்கா ஊற்றிய உறை

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இன்று உங்களுக்குப் பரிமாறிய சாப்பாட்டில் கடையில் வாங்கிய பக்கெட் சாமான் எதுவும் இல்லை. இருந்தால் அக்கா என்னைச் சும்மா விடமாட்டார். அவர் போய் ஒரு வருடமாகியும் அந்தப் பயம் எனக்குப் போகவில்லை. பின்னால் நின்று பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டுதான் இன்றும் அடுப்படியில் கறி வைக்கிறேன்.

அக்கா டயகமவில், தேயிலைத் தோட்டத்து லய வீடொன்றில், எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே இறந்துவிட்டதால் படிப்பை விட்டு அம்மாவோடு கொழுந்து எடுக்கப் போனார். என்னைத் தையல் படிக்க வைத்தவர் அவர்தான். கலியாணம் முடித்து ராகலைப் பக்கத் தோட்டமொன்றுக்கு வந்தவர், பிறகு என்னையும் அதே தோட்டத்தில் கட்டிக்கொடுத்துப் பக்கத்து லயத்திலேயே வைத்துக்கொண்டார். "நீ தூரமாப் போயிட்டா ஒன்னய யாருடி திட்டுறது?" என்று கேட்டார். சொன்னபடியே தினமும் வந்து திட்டினார்.

அத்தானின் வீட்டில் ஒரு பசு உண்டு. மாடு வைத்திருக்கும் எங்கள் சனம் எல்லாம் செய்வதையே அவர்களும் செய்தார்கள். காலையில் கறந்த பாலைச் சொட்டு விடாமல் பால் வண்டிக்கு ஊற்றிவிட்டு, அந்தக் காசில் மகள் தர்ஷினிக்குப் பால்மா வாங்கினார்கள். பிள்ளையோ எலும்பும் தோலுமாக இருந்தாள். பால்மாவுக்காகக் கடைவாசலில் எல்லோரும் வரிசையில் நின்ற அந்த நெருக்கடிக் காலத்தில், ஒருநாள் வெறுங்கையோடு திரும்பிய அக்கா தொழுவத்தின் முன்னால் நின்று பசுவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கிவிட்டார். "மாட்ட வீட்டுல கட்டிவச்சிட்டு பாலுக்கு லைன்ல நிக்கிறோமே, நம்மள மாதிரி கூறுகெட்ட சனம் எங்கயாச்சும் இருக்குமா?" என்றார். மறுநாளிலிருந்து பிள்ளைக்கு வேண்டியதை எடுத்துவைத்த பிறகே வண்டிக்குப் பால் போனது.

அதோடு விட்டாரா? மரக்கறி லொறிக்காரர்கள் கழித்துப் போடும் கரட்டையும் லீக்ஸ் தலைப்பையும் பொறுக்கி வந்து, கழுவிக் காயவைத்து, மிளகும் உப்பும் சேர்த்து இடித்து வைத்தார். சூப் கட்டி வாங்குவது நின்றுபோனது. பிஸ்கட் கேட்ட பிள்ளைக்கு வறுத்த குரக்கன் மாவும் கச்சானும் சேர்த்து உருண்டை பிடித்தார். முதலில் பிடித்த உருண்டைகள் கல்லு மாதிரி இருந்தன. மாட்டுக்காரப் பையன்களுக்குக் கொடுத்தால் காக்கா விரட்டலாம் என்று நான் கேலி செய்தேன். அவரோ விடாமல் செய்து செய்து ஒரு பக்குவத்துக்குக் கொண்டுவந்தார். தர்ஷினியும் தேறினாள். மாதாமாதம் நிறுக்க வரும் மிட்வைஃப் மிஸ்ஸே அக்காவிடம் பக்குவம் கேட்டுப் போனார்.

தயிர்தான் அவருடைய பெரிய வெற்றி. எங்கள் குளிரில் தயிர் லேசில் உறையாது. பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, முந்தின நாள் தயிரில் ஒரு கரண்டியை உறையாக ஊற்றுவார். பிறகு பானையைத் தன் பழைய சுவெட்டரால் சுற்றி அடுப்போரம் வைப்பார். சுவெட்டரின் இரண்டு கையும் பானையைக் கட்டிப்பிடித்த மாதிரி முடிச்சுப் போட்டிருக்கும். இன்றைய தயிரில் ஒரு கரண்டி நாளைக்கு. அப்படியே அந்த உறை அறுபடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று காலையும் உறை ஊற்றிவிட்டுத்தான், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போனார். கொழுந்து மலையில் குளவிக் கூடு கலைந்து அவரைக் கொட்டிவிட்டது. கூட இருந்தவர்கள் கம்பளியில் போட்டுத் தூக்கி ஓடினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன அக்கா உயிரோடு திரும்பவில்லை.

மறுநாள் முன்னறையில் அக்காவைக் கிடத்தியிருந்தோம். தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனபோது தர்ஷினி பானையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தயிர் கட்டியாக உறைந்திருந்தது. ஊற்றியவர் அங்கே குளிர்ந்து கிடக்கிறார், அவர் ஊற்றியது இங்கே தன்பாட்டில் உறைந்திருக்கிறது. அந்தக் காட்சி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

இழவு வீட்டில் ஆக்கிவைத்தது எதுவும் இருக்கக் கூடாது, கொட்டிவிட்டுப் பானை சட்டியைக் கவிழ்க்க வேண்டும் என்பது எங்கள் முறை. அத்தானின் தமக்கையார் அதற்காக வந்தார். பிள்ளை பானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அது அம்மா ஊத்துனது அத்தை. கொட்டிறாதீங்க."

அவர் அழுதுகொண்டேதான் வாங்கிக் கொட்டினார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஒரு கரண்டி எடுத்து வேறு வீட்டில் வைக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதன்பிறகு பிஸ்கட் வந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் தாயில்லாப் பிள்ளைக்கென்று பிஸ்கட்டும் சோடாவும் பக்கெட் பக்கெட்டாகக் கொண்டுவந்தார்கள். பாசத்தில்தான் செய்தார்கள், தெரியும். ஆனால் அக்கா இத்தனை காலம் வாசலோடு நிறுத்திவைத்தது எல்லாம், அவரைத் தூக்கிப் போன அதே வாசலால் உள்ளே வந்தது. தர்ஷினி அதை மட்டுமே தின்றாள். நான் ஆக்கியதைத் தொடவில்லை. பழையபடி கழுத்தெலும்பு தெரிந்தது. இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டிவரும் என்று மிட்வைஃப் மிஸ் சொல்லிவிட்டார். அக்கா உடம்பை உருக்கி வளர்த்த பிள்ளை என் கண்முன்னே கரைந்துகொண்டிருந்தாள்.

தயிராவது தின்பாள் என்று கடையில் யோகட் கப் வாங்கி உறை ஊற்றினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "இது அம்மாது இல்ல சித்தி" என்று தள்ளிவிட்டாள். மறுபடி ஊற்றினேன், மறுபடி தள்ளினாள். அக்காவிடம் உறை வாங்கியிருந்த லயத்து வீடுகளிலும் விசாரித்தேன், எல்லோரும் தீர்த்துவிட்டிருந்தார்கள். திரும்பவும் கப் வாங்க ராகலைக் கடைக்குப் போனபோது, கடைக்காரப் பாயின் மனைவி எதற்கு இத்தனை என்று விசாரித்தார். அழக் கூடாதென்றுதான் போனேன், அழுதுவிட்டேன். அவர் உள்ளே போய் ஒரு சட்டியோடு வந்தார்.

"இது ஒங்கட ராத்தா தந்த ஒறதான். அவ தந்த நாள்ள இருந்து நான் இன்னும் விடல்ல."

யோகட் கப் விற்கும் கடையின் பின்கட்டில் என் அக்காவின் உறை! பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். அக்காவையே கூட்டிக்கொண்டு வருவது போலிருந்தது. சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம்.

அன்று ஊற்றியது மறுநாள் காலை உறைந்துவிட்டது. தர்ஷினி முகர்ந்தாள். முகர்ந்ததும் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அத்தான் எழுந்து தொழுவத்துக்குப் போய்விட்டார். இன்றுவரை அவர் அதை வாயில் வைத்ததில்லை. மூடிவைத்த பானையைத் தொட்டு, சூடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போவார்.

பிள்ளை சோற்றில் பிசைந்து வழித்துச் சாப்பிட்டாள். இன்னும் போடவா என்று கரண்டியைப் பானைக்குள் விட்டேன். என் கையைப் பிடித்துவிட்டாள்.

"போதும் சித்தி. எல்லாத்தையும் தின்னுட்டா நாளைக்கு அம்மா இல்லாமப் போயிருவாங்க."

இப்போது அவள் தேறி வருகிறாள். எனக்குத்தான் காலையில் மூடியைத் திறக்கும்போதெல்லாம் உறைந்திருக்குமோ என்று பயம்.

அக்காவை மலையிலிருந்து சுமந்து இறக்கியவர்களுக்கும், ஆஸ்பத்திரியில் போராடிப் பார்த்தவர்களுக்கும், அடுப்பெரியாத நாட்களில் எங்களுக்குச் சோறு கொடுத்த லயத்து வீடுகளுக்கும், காரியங்களை முன்னின்று முடித்த அத்தானின் தமக்கையாருக்கும், பாய் வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்தக் கடனை எப்படித் தீர்ப்பதென்று தெரியவில்லை.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். அக்கா கேட்டவர்களுக்கெல்லாம் உறை கொடுத்தவர். இதை வாசிக்கும் உங்களில் யார் வீட்டிலாவது அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், தயவுசெய்து தீர்த்துவிடாதீர்கள். எங்கள் வீட்டுப் பானை என்றைக்காவது ஒருநாள் கெட்டுப்போகும். அன்று ஒரு சிறுபிள்ளை கிண்ணத்தோடு உங்கள் வாசலில் வந்து நிற்பாள். அவள் தன் அம்மாவைக் கேட்டுத்தான் வந்திருப்பாள்.