முழங்கால் உயரத்தில் ஒரு தட்டல்

அம்மாவின் கத்தி நிற்கிறதா என்பதைத்தான் அப்பா பார்ப்பார்.

எழுதி முடித்த அத்தியாயத்தைச் சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவர் சத்தமாகப் படிப்பார். அம்மா மேடையருகே நின்று காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். அப்பாவின் கண் பாதி தாளில் இருக்கும், பாதி அவள் கையில் இருக்கும். கத்தி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தால் அத்தியாயம் தேறவில்லை. ஒரு நொடி நின்றால் தேறிவிட்டது. கத்தி நின்ற வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். "நல்லா இருக்கா?" என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. வாய் பொய் சொல்லும், கை சொல்லாது என்பது அவர் கட்சி.

இதைக் கவனித்தவள் சின்னவள். சமையலறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய வயதிலிருந்தே கவனித்துவந்தாள். அந்த வீட்டில் இருந்தது ஒரே பிள்ளைதான். இருந்தும் அவளுக்குச் சின்னவள் என்றே பெயர். பெரியவள் ஒருத்தி இருந்தாள். ஆறு வயதில், சின்னவள் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. சின்னவளைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அவளையும் சேர்த்துத்தான் கூப்பிட்டார்கள் என்பது சின்னவளுக்கு வெகுநாள் கழித்தே உறைத்தது.

அப்பா பகலில் பார்சல் ஆபீஸில் எடை போடும் குமாஸ்தா. சாயங்காலம் துப்பறியும் கதை எழுத்தாளர். மாதம் ஒரு நாவல். பஸ் நிலையக் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கும். கதாநாயகர் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர். வெயிலோ மழையோ கையில் கறுப்புக் குடை இருக்கும் என்பதால் அவருக்குக் குடைக்காரர் என்றே பெயர். குடைக்காரர் கதையில் பேய் கிடையாது. அப்படியே வந்தாலும் பின்னால் ஒரு மச்சான் இருப்பான். சொத்துக்காக வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு அலைந்திருப்பான். கடைசி அத்தியாயத்தில் குடையின் கொக்கியால் அவன் துணியை இழுத்து மானத்தை வாங்கிவிடுவார்.

சின்னவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது விற்பனை படுத்துவிட்டது. பதிப்பாளர் வீடு தேடி வந்தார். எந்நேரமும் வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டிருக்கும் மனிதர்.

"சார், உங்க ஆளுக்கு வயசாயிடுச்சு. ஒரு பேயை இறக்குங்க."

"என் ஆளு பேயை நம்ப மாட்டார்."

"அவர் எதுக்கு நம்பணும்? காசு குடுத்து வாங்கறவன் நம்பினாப் போதும்."

அப்பா நாலு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார். ஐந்தாம் நாள் பேய் எழுத உட்கார்ந்தார்.

எழுதுவது அப்படியொன்றும் சுலபமாக இருக்கவில்லை. முதலில் கொலுசுச் சத்தம் வைத்துப் பார்த்தார். பீன்ஸை நறுக்கியபடியே அம்மா, "பேய்க்குக் கால் இல்லேன்னு முன்னாடிப் பக்கத்துல எழுதியிருக்கீங்க. கொலுசை எங்க மாட்டும்? காதுலயா?" என்றாள். அடுத்த நாள், கண்ணாடியில் வேறொரு முகம் தெரிந்தது. "அந்த பங்களாவுல கண்ணாடியைத் துடைச்சே வருஷக்கணக்கா ஆச்சுன்னீங்களே. அதுல எந்த மூஞ்சிதான் தெரியும்?" அதற்கடுத்த நாள் மாடியில் நாற்காலி தானாக ஆடியது. "ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்க உங்க ஆளை." கத்தி நிற்கவே இல்லை. அப்பா தாளைக் கசக்கிப் போட்டார். சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வாரம் போல அந்த வீடு அதற்கு முன்னும் சிரித்ததில்லை, பின்னும் சிரித்ததில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் அப்பா வழக்கத்தைவிடத் தாழ்ந்த குரலில் படித்தார்.

"யாரோ கதவைத் தட்டினார்கள். குடைக்காரர் எழுந்து போய்க் கதவுத் துளை வழியே பார்த்தார். யாரும் இல்லை. திரும்பி நடந்தார். மறுபடியும் தட்டல். இந்த முறை அவருக்குப் புரிந்தது. சத்தம் கதவின் மேற்பாதியிலிருந்து வரவில்லை. கீழேயிருந்து, முழங்கால் உயரத்திலிருந்து வந்தது. ஒரு சின்ன ஷூவின் நுனியால் இடிப்பது போல. 'நான்தான்' என்றது ஒரு குரல்."

கத்தி நின்றது. ஒரு நொடியில் மறுபடி ஓடும் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். ஓடவில்லை. பாதி நறுக்கிய கேரட்டை அப்படியே விட்டுவிட்டு அம்மா குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் வெகுநேரம் ஓடியது.

அப்பா ஓரத்தில் புள்ளி வைத்தார். குனிந்துதான் வைத்தார். ஆனால் தரையில் உட்கார்ந்திருந்தவளுக்கு அவர் முகம் தெரிந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

புத்தகம் சக்கைப்போடு போட்டது. குடைக்காரர் வழக்கம்போல மச்சானைப் பிடித்தார், எல்லாவற்றுக்கும் காரணம் சொன்னார். அந்தத் தட்டலுக்கு மட்டும் சொல்லவில்லை. கடைசிப் பக்கத்தில், தன் வீட்டில் தனியாக இருக்கும்போது, அவர் வாசற்கதவிலேயே கீழே தட்டல் கேட்டது. அதோடு கதை முடிந்தது. யார் அந்தக் குழந்தை என்று கேட்டு வாசகர்கள் மூட்டை மூட்டையாகக் கடிதம் போட்டார்கள். பதிப்பாளர் கிராம்பை வாயில் ஒதுக்கிக்கொண்டு, "இனி எல்லா புக்லயும் கடைசிப் பக்கம் இதுதான் சார். கதவை மட்டும் திறந்துடாதீங்க. அதைத் திறந்தா நம்ம கடையை மூடணும்" என்றார்.

அன்றிலிருந்து அப்பாவின் எழுத்து முறையே மாறிப்போனது. எந்தக் கதையானாலும் கடைசிப் பக்கத்தை முதலில் எழுதி மேசைமீது கனமான ஸ்டேப்ளருக்கு அடியில் வைத்துவிடுவார். பிறகுதான் கொலையானது யார், கொலைகாரன் யார் என்று யோசிப்பார்.

கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த தையல்காரம்மாவும் குடைக்காரர் ரசிகைதான். ஒரு மத்தியானம் தைத்த தலையணை உறைகளை எடுத்துக்கொண்டு படியேறி வந்தவளுக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. வாசலில் குந்தி உட்கார்ந்து, கதவின் கீழ்ப்பக்கத்தை விரல் முட்டியால் தட்டி, குழந்தைக் குரலில், "நான்தான்" என்றாள்.

சமையலறையில் தட்டு விழுந்தது. அம்மா ஓடினாள். ஓடுகிற போக்கில் நாற்காலியில் கிடந்த துண்டைப் பறித்துக்கொண்டு ஓடினாள். கதவைத் திறந்து, கையில் விரித்த துண்டோடு குனிந்தாள்.

தையல்காரம்மாவின் சிரிப்பு அப்படியே உறைந்துவிட்டது. "அக்கா, சும்மா விளையாட்டுக்குத்தான்... என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. உள்ள வா. உறையெல்லாம் ஆயிடுச்சா?" என்றாள் அம்மா. துண்டை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தாள்.

தையல்காரம்மா போனபிறகு, அம்மா வாசற்கதவைச் சாத்தி அதன் கீழ்ப்பகுதியைக் காட்டினாள். அங்கே பெயின்ட் உதிர்ந்து மரம் தெரியும். பழைய கதவு, அப்படித்தான் இருக்கும் என்றுதான் சின்னவள் அதுவரை நினைத்திருந்தாள்.

"பெல் எட்டாது அவளுக்கு. ஸ்கூல் விட்டு வந்து ஷூவால எத்துவா. 'நான்தான்'னு கத்துவா. அன்னிக்கு நல்ல மழை. நம்ம வெளிப்படிக்கட்டுக்குத்தான் மேல கூரையே கிடையாதே. கீழ்வீடு அப்போ காலி. நீ வயித்துல. எந்நேரமும் எனக்குத் தூக்கம்தான். எவ்வளவு நேரம் தட்டினாளோ தெரியாது. நான் திறக்கறப்போ தட்டறதை விட்டுட்டு நின்னுட்டிருந்தா."

சின்னவள் குனிந்து அந்த மரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்புறம் காய்ச்சல். மழைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லன்னார் டாக்டர். அவருக்கு என்ன, அவரா வாசல்ல நின்னார்? ரொம்ப நாளைக்கு அந்த நேரத்துல எனக்குக் கீழ தட்டற மாதிரியே கேக்கும். இதை உங்கப்பாகிட்ட மட்டும்தான் சொன்னேன். அதுவும் ஒரே ஒரு தடவை."

நீ வயித்துல. சின்னவளுக்கு அந்த இரண்டு சொல்லும் முள்ளாகத் தைத்துக்கொண்டன. அம்மா அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். குத்திக்காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அன்று சாயங்காலம் அப்பா செருப்பைக் கழற்றும்போதே அம்மா கேட்டுவிட்டாள்.

"என்னங்க, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளேன்."

"ஒரே ஒரு புக்ல அந்தக் கதவைத் திறந்து விட்டுடுங்க. உள்ள வந்து தலையைத் துவட்டிக்கட்டும். அதுக்கப்புறம் நீங்க எந்தப் பேயை வேணாலும் எழுதிக்குங்க, நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

அப்பா ஒரு காலில் செருப்போடு நின்றார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

"சரி. அடுத்த புக்ல."

"வாக்கு?"

"வாக்கு."

அடுத்த புத்தகம் வந்தது. அம்மா நேராகக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். கதவு சாத்தியிருந்தது. "இதுல இல்லையா?" "அடுத்த புக்ல." அதற்கடுத்ததிலும் அதே கேள்வி, அதே பதில். மாதாமாதம் அம்மா கடைசிப் பக்கத்தை மட்டும் பார்ப்பாள், கேட்பாள், புத்தகத்தை அலமாரியில் வைப்பாள். சண்டை போட்டதில்லை. ஒருமுறை மட்டும், "விடிஞ்சா அடைஞ்சா கையில குடையைப் பிடிச்சிட்டே திரியறாரே உங்க ஆளு. மழையில நிக்கிற ஒரு புள்ளைக்குப் பிடிக்கத் தெரியலையே" என்றாள். அன்று அப்பா சாப்பிடாமல் எழுந்துவிட்டார். எழுந்து போய் எழுதினார்.

அதன்பிறகு அவர் சமையலறை வாசலில் உட்கார்ந்து படிப்பதில்லை. படிக்கத் தேவையும் இல்லை. எது விற்கும் என்று தெரிந்துவிட்டதே.

சின்னவள் கல்லூரிக்குப் போனாள். அவர்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். எடை போடுகிற சம்பளம் அரிசிக்கும் வாடகைக்கும் சரியாகப் போனது. அவளைப் படிக்கவைத்தது அந்தத் தட்டல். வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும்போது சில நாள் திடீரென்று பேனா நின்றுவிடும். அக்கா தட்டத் தட்ட நான் படிக்கிறேன் என்று தோன்றும். படிப்பை விட்டுவிடலாமா என்றும் தோன்றும். விட்டால் மட்டும் யார் உள்ளே வரப்போகிறார்கள்? அந்த மாதச் செலவுக்குப் பணம் வரும், வாங்கிக்கொள்வாள்.

விடுமுறையில் வந்தபோது ஒருநாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டாள். "அம்மா கேக்கறது ஒரே ஒரு பக்கம்தானேப்பா?"

"ஒரு பக்கம்தான். ஆனா அது கடைசிப் பக்கம்."

"வித்தது போதாதா?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "திறந்தா அவ போயிடுவாம்மா. தட்டற வரைக்கும்தான் இருக்கா" என்றார். கண் கலங்கியிருந்தது.

இத்தனை வருஷம் இவரைத் தப்பாகவே நினைத்துவிட்டோமோ என்று சின்னவள் எழுந்து அருகில் போகப் பார்த்தாள். அதற்குள் அப்பாவின் கை சட்டைப் பையிலிருந்த பென்சிலைத் தேடிப் போயிற்று. வந்தது அழுகையா வசனமா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவராலும் முடிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அடுத்த மாதப் புத்தகத்தில் குடைக்காரர் அதே வாக்கியத்தைச் சொன்னார்.

பார்சல் ஆபீஸில் தராசுக்குப் பக்கத்திலேயே ஒருநாள் அப்பா சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

பதிப்பாளர் வந்தார். கிராம்பைத் துப்பிவிட்டு, உண்மையாகவே அழுதார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இந்த மாசத்துது பாதி எழுதியிருப்பாரே?" என்றார்.

பாதிதான் இருந்தது. ஆனால் ஸ்டேப்ளருக்கு அடியில் கடைசிப் பக்கம் இருந்தது.

"நீ படிச்ச புள்ள. நடுவுல இருக்கிறதை நீ இட்டு நிரப்பிக் குடும்மா. கடைசிப் பக்கத்துல மட்டும் கை வெச்சுடாதே. அது தங்கம்."

சின்னவள் எழுதினாள். கொலைகாரனைக் கண்டுபிடித்தாள், மச்சான்தான். பிறகு அப்பாவின் கடைசிப் பக்கத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தானே ஒன்று எழுதினாள். தட்டல் கேட்டது. குடைக்காரர் எழுந்தார். துளை வழியே பார்க்கவில்லை. குனிந்து, கதவைத் திறந்தார்.

அதை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அம்மா கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். சின்னவள் படித்தாள். குழந்தை உள்ளே வந்தது. நனைந்த ஷூவைக் கழற்றியது. குடைக்காரர் துண்டை எடுத்தார். படித்துக்கொண்டிருக்கும்போதே தன் கண் பாதி அம்மாவின் கையில் இருப்பதை உணர்ந்து அவளுக்கே கூசியது.

கத்தி நிற்கவில்லை.

"பிடிக்கலையாம்மா?"

"நல்லாத்தான் எழுதியிருக்கே. உங்கப்பாவைவிட நல்லா இருக்கு."

"அப்புறம் என்ன?"

"நீ எதுக்குடி திறக்கறே? நீயா சாத்தினே? திறக்கறேன்னு வாக்குக் குடுத்தவர் அவர்."

சின்னவள் தாள்களை மடியில் வைத்துக்கொண்டாள். "அம்மா, கடைசிப் பக்கத்தை அவர் முதல்லயே எழுதி வெச்சிடுவார். நீ கேக்கறப்போ அடுத்த புக்கோட பக்கமும் மேசைமேல தயாரா இருக்கும். அது உனக்குத் தெரியுமா?"

"மேசையைத் தினம் துடைச்சது யாரு?"

"தெரிஞ்சுமா மாசாமாசம் கேட்டே?"

"கேக்காம விட்டா அந்த வாக்கு தள்ளுபடி ஆயிடுமே" என்றாள் அம்மா. பலகையிலிருந்ததைப் பாத்திரத்தில் தள்ளிவிட்டு அடுத்த கேரட்டை எடுத்தாள்.

புத்தகம் அப்பா எழுதிவைத்த பக்கத்தோடுதான் வந்தது. சின்னவளே கொடுத்தாள். சரியா தப்பா என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. அம்மா நேராகக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். கதவு சாத்தியிருந்தது, கீழே தட்டல் கேட்டுக்கொண்டிருந்தது. புத்தகத்தை மூடி, அலமாரியில் மற்றவற்றோடு வரிசையாக வைத்தாள்.

"அடுத்த புக்லன்னார்" என்றாள்.