கயிற்று விலையை முதலில் சொன்ன கடை

டி.வி.யில் மாட்டி விளையாடும் கேம் பெட்டியை விற்பவன் பெட்டியில் சம்பாதிப்பதில்லை. பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வரும் பொருள்களில்தான் சம்பாதிக்கிறான். என்னைப்போல் கல்லாவுக்குப் பின்னால் அமர்ந்து அவதிப்படும் அன்பர்களே, கேரள எல்லையோரக் கோவிந்தாபுரத்தில் நானும் தம்பி நிசாரும் நடத்தும் கடையில் நிகழ்ந்ததைக் கேளுங்கள்.

துண்டுக்கு அடியில்

முதலமடையில் மாந்தோப்பு வைத்திருக்கும் பொன்னுசாமி, தம் இரு மகள்களுக்காகப் பெட்டி வாங்க வந்தார். மொபைல் கவர் விற்றுக் காலம் தள்ளிய எங்களுக்கு அதுவே முதல் பெரிய வியாபாரம். விலையைச் சொன்னதும், மாட்டுச் சந்தைத் தரகரைப்போல் தோள்துண்டை என் கைமேல் போர்த்தி, அடியில் விரல்களைப் பற்றினார். எத்தனை விரலோ, அத்தனை ஆயிரம் குறைக்க வேண்டுமாம்.

நான் கையை அசைக்கவில்லை. தயாரிப்பவரே ஏறக்குறைய அடக்க விலைக்குத் தரும் பொருளில் நான் எதைக் குறைப்பது? அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

“ஏனுங்க பாய், இது கையிங்களா, மரக்கட்டைங்களா?”

கயிறு

பெட்டிக்குள், கையில் பிடித்து விளையாடும் கன்ட்ரோலர் ஒன்றுதான் இருக்கும். இருவர் சேர்ந்து விளையாட இன்னொன்று வேண்டும். அதன் விலை, செய்யும் செலவைவிடப் பன்மடங்கு. பெட்டியில் விட்டதைத் தயாரிப்பவர் அதிலும் கேம்களிலும்தான் பிடிக்கிறார். ‘அதைச் சொல்லாதீங்க’ என்று நிசார் கண்ணைக் காட்டினான். வாங்குபவர் வீட்டுக்குப் போய்த் திகைக்கும் விலையை வாசலிலேயே சொல்லிவிடுவதன்றோ வணிகனுக்கு அழகு? அனைத்தையும் சொன்னேன்.

பொன்னுசாமி சிரித்தார். அவர்கள் பக்கம் மாட்டை விற்பவர் கயிற்றை அவிழ்த்துத் தாமே வைத்துக்கொள்வார். வாங்குபவர் புதுக்கயிறு போட்டுத்தான் ஓட்டிச் செல்ல வேண்டும். “அப்ப, மாட்டைக் குடுத்துப்போட்டுக் கயித்துல புடிக்கறீங்க! செரி, நாலு எடம் பாத்துட்டு வாறனுங்க” என்று எழுந்துவிட்டார்.

அவர் தலை மறைந்ததும் நிசார் வெடித்தான். இன்னொரு வாடிக்கையாளரை இப்படி அனுப்பினால், கோயம்புத்தூரில் தன் பழைய வேலைக்கே திரும்பிவிடுவானாம்.

“இப்படியா யாவாரம் பண்றது? இதுக்குப் பேரு கச்சவடமாண்ணே? பேசாம மைக்கு வாங்கித் தர்றேன், பிரசங்கத்துக்குப் போங்க!”

திரும்பி வந்தவர்

அந்த வாரம் நிசார் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தம்பியை இழந்துவிடுவேனோ என்று கலங்கினேன். ஆயினும் வார்த்தையை மாற்ற மனம் இசையவில்லை.

ஞாயிறன்று பொன்னுசாமி மீண்டும் வந்தார், மகள்களோடும் மைத்துனரோடும். எல்லைக்கு அப்பால் பொள்ளாச்சி வரை விசாரித்திருக்கிறார். எல்லோரும் பெட்டியின் விலையையே பாடினார்களாம். இன்னொரு கன்ட்ரோலர் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். பெட்டியும் கன்ட்ரோலரும் அவர் வாங்க, மைத்துனரும் ஒன்றுக்குச் சொல்லிவைத்தார். பில் போட்டவன் நிசார். போடும்போது என்னை நிமிர்ந்து பார்த்தான். அன்பர்களே, அந்தப் பார்வையைவிடப் பெரிய லாபத்தை நான் கண்டதில்லை. பொன்னுசாமி அவனிடம் சொன்னார்:

“மாடு எங்கீமே ஒரே வெலதானுங்க தம்பி, கயித்து வெலைய மொதல்ல சொன்னது உங்கண்ணன் ஒருத்தருதான்.”

புதுப் பெயர்

இப்போது வருபவரிடம் நிசாரே முந்திக்கொண்டு கன்ட்ரோலர் விலையைச் சொல்கிறான். ஊரில் எங்களுக்குக் ‘கயித்துக்கடை’ என்றே பெயர் நிலைத்துவிட, பலகையிலும் அதையே எழுதிவிட்டோம். சென்ற வாரம் ஒருவர் காளையோடு வந்து வாசலில் நின்றார். இங்கே கேம் பெட்டிதான் கிடைக்கும் என்று பணிவோடு விளக்கினேன். அவர் பெயர்ப்பலகையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

“கயிறே இல்லாம என்னத்துக்குங்க கயித்துக்கடைன்னு பேரு?”

உண்மை பேசி ஈட்டிய பெயரைப் பொய்யாக்கலாகாது என்பதால், கன்ட்ரோலர்களுக்குப் பக்கத்தில் இப்போது இரண்டு சுருள் தேங்காய்நார்க் கயிறும் தொங்கவிட்டிருக்கிறேன்.