கதவடியில் கிடந்த சிப்பிகள்

அப்பா டிரைவராக இருந்த வீட்டு முதலாளியின் பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, இரண்டு வருடமாக நானே சரிசெய்துகொண்டிருக்கிறேன். எனக்கு அந்த வேலை தெரியாது. ஓர் ஓட்டையை வெல்டிங் வைத்து அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று விழும். இப்படித் துருப்பிடிக்க விட்ட முதலாளியைத் திட்டிக்கொண்டே இன்று கதவுக்குக் கீழே உள்ள தகட்டை வெட்டினேன். மணலும் பொடிச் சிப்பிகளும் கொட்டின. உப்புநீர்ச் சேற்றின் வாடை அடித்தது. வெட்டுவதை நிறுத்தி ஒரு பிடி அள்ளினேன்.

பத்து வயதில் இராஜாக்கமங்கலத்தில் தினமும் இந்த வண்டியை நான்தான் கழுவுவேன். "நல்ல தண்ணி எடுலே" என்பார் அப்பா. கிணறு தூரம். கடல் ஏறி வந்து தேங்கும் பொழியில் தண்ணீர் கோரி, வண்டிக்குள்ளேயும் வாளியோடு ஊற்றினேன். தகடு துருப்பிடித்ததும் முதலாளி, "வண்டியக் கடலுக்குள்ள கொண்டு எறக்குனியா?" என்று கேட்டு அப்பாவை வேலையைவிட்டு நிறுத்தினார். அப்பா பதில் சொல்லவே இல்லை.

"என்னலே, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா கேட்டார்.

அருகே போய்க் கையை விரித்துக் காட்டினேன். "அப்பா, நான்தான்..."

"அப்பமே தெரியும் மக்கா. உன் நிக்கர்ல உப்பு பூத்துக் கிடந்துல்லா" என்றார்.