சித்தப்பாவின் காலில் ஆறாத காயம்

ஆய்வகத்தில் என் வேலையே காயம் போடுவதுதான். தட்டில் வளர்ந்த செல்களின் நடுவே பிளாஸ்டிக் முனையால் ஒரு கோடு கீறுவேன். இரு ஓரத்துச் செல்களும் நகர்ந்து வந்து அதை மூடும். நகரும் செல்லின் முன்விளிம்பில் தண்ணீரை உள்ளே விடும் புரதங்கள் உண்டு; அக்வாபோரின் என்று பெயர். தண்ணீர் புகுந்ததும் விளிம்பு உப்பி முன்னே நீளும். அந்தப் புரதம் இல்லாத செல் மெதுவாகத்தான் நகரும். அதைப் பற்றித்தான் என் ஆராய்ச்சி.

விடுமுறைக்குச் சிங்கவரம் வந்திருந்தேன். வேர்க்கடலை போடும் மல்லாட்டைக் கொல்லையின் வரப்பை நைனா தள்ளிப் போட்டுவிட்டார் என்று சித்தப்பா மண்வெட்டியோடு வந்தார். வாய்ச்சண்டை முற்றி, நைனாவின் தோளை நோக்கி வீசினார். குறுக்கே கை நீட்டினேன். முழங்கைக்குக் கீழே சதை பிளந்தது.

"எம் பொண்ண வெட்டிட்டியேடா!" என்று நைனா கத்தினார்.

சித்தப்பா மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றார். நான் குனிந்து ஒரு கல்லை எடுத்து அவர் கணுக்காலில் அடித்தேன். விழுந்தார். அதே இடத்தில் மறுபடியும் அடித்தேன். அந்த இரண்டாவது அடிக்கு இன்றுவரை எனக்குக் காரணம் தெரியவில்லை.

செஞ்சியில் ஒரே ஆஸ்பத்திரியில்தான் இருவருக்கும் தையல் போட்டார்கள். இரண்டு பக்கமும் புகார் கொடுத்தோம், பிறகு வாபஸ் வாங்கினோம். என் கை சீக்கிரம் கூடிவிட்டது. அவருக்குச் சர்க்கரை, காயம் ஆறவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். சித்தி வாசலை மறித்தார். "இன்னாத்துக்கு வந்த? மிச்சத்தையும் அடிக்கவா?"

"வுடு, உள்ள வரட்டும்" என்றார் சித்தப்பா.

கட்டைப் பிரித்துக் காட்டினார். நாற்றம் அடித்தது. காயத்தின் விளிம்பு வெளுத்து, அசையாமல் கிடந்தது.

"உன் படிப்புல இதுக்கு மருந்து இருக்குதா?"

"இல்ல சித்தப்பா. செல்லு எப்டி நகருதுன்னே இன்னும் முழுசா தெரில."

பக்கத்திலிருந்த டம்ளரை எடுத்து என் மேல் வீசினார். காதோரம் பட்டுச் சுவரில் மோதியது. "அப்புறம் இன்னாத்துக்குடி படிக்கிற?" என்று கேட்டவர், முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

காலைக் காப்பாற்ற முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அந்த நாள் முழுவதும் நானும் சித்தியும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்கு அழைத்துவர வண்டியில் ஏற்றும்போது சித்தப்பா என் தோளைப் பிடித்தார். நகம் பதிய அழுத்திப் பிடித்தார். வலித்தது. நான் விலகவில்லை.